நட்டு வளர்த்த காட்டுல காட்டுப்பறவை குஞ்சு பொரிக்குமா?

மரம் நட்டா பறவை வரும்னு சொல்றோம், வரத்தான் செய்யும். ஆனா ஒரு பறவை வந்து கிளையில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு போறது வேற, அங்கயே ஜோடி சேர்ந்து கூடு கட்டி, முட்டை வச்சு, அடைகாத்து, குஞ்சுக்கு றெக்கை முளைச்சு அது பறந்து போறது வேற. ஒரு பறவை இனம் பிழைக்குமா அழியுமான்னு பாக்கும்போது ரெண்டாவதுதான் கணக்குல வரும். இந்த ஒரு விஷயத்தை பிடிச்சுக்கிட்டா, நட்ட காடு நல்லதா கெட்டதான்னு நடக்கற சண்டையில பாதி தானா தெளிஞ்சிடும், அதனால முதல்ல இருந்து மெதுவா போவோம், பறவையைப் பத்தி முன்னாடியே எதுவும் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல.

நட்ட காடுன்னு நான் சொல்றது மனுஷன் கன்னு வச்சு வளர்த்த மரக்கூட்டத்தை. தைலமரத் தோப்பு, சவுக்குத் தோப்பு, தேக்கு பிளான்டேஷன், கொடைக்கானல்ல எல்லாரும் போட்டோ எடுத்துக்கற பைன் ஃபாரஸ்ட், எல்லாமே இந்த வகைதான். அந்தப் பைன் மரங்களுக்கு நடுவுல நின்னு பாத்தவங்களுக்கு தெரியும், அண்ணாந்து பாத்தா காடு மாதிரி இருக்கும், குனிஞ்சு பாத்தா காஞ்ச ஊசி இலை மட்டும்தான் கிடக்கும், புதர் கம்மி, கொடி கம்மி, பட்டுப்போன மரத்தை தேடித்தான் பாக்கணும். எல்லா மரமும் கிட்டத்தட்ட ஒரே வயசு, ஒரே உயரம், ஒரே ஜாதி. தானா வளர்ந்த காட்டுல கிழட்டு மரம், நடுவயசு மரம், இப்பதான் முளைச்ச கன்னு, செத்தும் விழாம நிக்கற மரம், விழுந்து மக்கற மரம் எல்லாம் கலந்து கிடக்கும்.

இது ஏன் முக்கியம்னா கூடு கட்டற நேரத்துல ஒவ்வொரு பறவையோட தேவையும் வேற. இருவாச்சிக்கு பெரிய பொந்து இருக்கற வயசான மரம் வேணும், அந்தப் பொந்துக்குள்ள பெட்டை போய் உக்காந்து வாசலை அடைச்சுக்கும், இருபது வருஷத்துல வெட்டி வித்துடற மரத்துல அந்த அளவுக்கு பொந்து எங்க இருந்து வரும்? மரங்கொத்திக்கும் குக்குறுவானுக்கும் குடைய வசதியா உளுத்த மரம் வேணும், ஆனா தோட்டக்காரர் பட்ட மரத்தை முதல்ல வெட்டி எடுத்துடுவார். தரையில கூடு கட்டற பறவைக்கு மறைஞ்சுக்க புல்லும் புதரும் வேணும். ஆக "மரம் இருக்கா"ங்கற கேள்வி ரொம்ப பொத்தாம்பொதுவான கேள்வி. எந்த மரம், என்ன வயசு, அதுக்கு அடியில என்ன இருக்கு, இப்படி கேட்டாதான் பதில் கிடைக்கும்.

இதுல வயசுதான் ஆரம்பத்துல பலருக்கு ஆச்சரியமா இருக்கும். இங்கிலாந்து கிழக்குப் பக்கம் தெட்ஃபோர்ட்னு ஒரு இடம், மணல் பூமி, அங்க 1922ல இருந்து அரசாங்கமே பைன் மரம் நட ஆரம்பிச்சு இப்ப பெரிய காடா இருக்கு, முழுக்க நட்ட காடு. அங்க மரத்தை வெட்டி எடுத்துட்டு புதுக்கன்னு வச்ச இடத்துல, அதாவது பாக்கறதுக்கு மொட்டையா அசிங்கமா இருக்கற இடத்துல, வானம்பாடி குடும்பத்துல ஒரு பறவை தரையில கூடு கட்டுது. கன்னு கொஞ்சம் வளர்ந்துட்டா அது கிளம்பிடும். ராத்திரியில பறக்கற பக்கி இன்னும் சில வருஷம் தாக்குப் பிடிக்கும், அப்புறம் அதுவும் போயிடும். காஸ்ஹாக்னு ஒரு வேட்டைப் பறவை, பிரிட்டன்ல 19ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள கூடு கட்டறதே நின்னு போன பறவை, 1960கள்ல இருந்து திரும்ப வந்துச்சு, அதுக்கு நேர் எதிரா உயரமா முதிர்ந்த மரம்தான் வேணும், இந்த மாதிரி நட்ட காடுகள்தான் அதுக்கு இடம் குடுத்துச்சு. ஒரே காடுதான், வயசு மாற மாற குடியிருக்கற ஆள் மாறிக்கிட்டே இருக்கு.

இப்ப நான் விரிவா சொல்ல நினைக்கற பறவைக்கு வரேன். அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்தோட வடபாதியில கூடு கட்டற கிர்ட்லாண்ட் கதிர்க்குருவி, அவங்க கிர்ட்லாண்ட்ஸ் வார்ப்ளர்னு சொல்றாங்க. நட்ட காடு ஒரு பறவைக்கு என்ன செய்ய முடியும், எதை செய்ய முடியாதுங்கறதுக்கு எனக்கு தெரிஞ்சு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. எடை 14 கிராம் பக்கம்தான், முதுகு நீலச்சாம்பல் கலர்ல கறுப்புக் கோடோட இருக்கும், வயிறு நல்ல மஞ்சள், வாலை மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே இருக்கும். 1851ல ஒஹையோவுல க்ளீவ்லாண்ட் பக்கத்துல ஜாரெட் கிர்ட்லாண்ட்னு ஒரு டாக்டரோட நிலத்துல கிடைச்சதால அவர் பேரு வந்துச்சு, ஆனா இது எங்க கூடு கட்டுதுன்னு தெரிய 1903 வரைக்கும் ஆச்சு. அரை நூற்றாண்டு யாருக்கும் தெரியாம இருந்ததுக்கு காரணம், இந்தப் பறவைக்கு இருக்கற விசித்திரமான பிடிவாதம்.

அது என்னன்னா, இது ஜாக் பைன்ங்கற குட்டையான பைன் மரக் காட்டுலதான் கூடு கட்டும், அதுவும் இளசா இருக்கணும், அஞ்சாறு வயசுல இருந்து இருபது வயசுக்குள்ள. அதுக்கு கீழயும் வேணாம், மேலயும் வேணாம். மரத்துல கூடு கட்டாது, மரத்தடியில தரையில, புல்லுக்கும் புளூபெர்ரி செடிக்கும் நடுவுல ஒரு சின்னக் குழியில கட்டும். இளம் ஜாக் பைன்ல கீழ்க்கிளை பச்சையா தரையைத் தொட்டுக்கிட்டு கிடக்கும், அந்தக் கிளைதான் கூட்டுக்கு கூரை, குஞ்சு கூட்டை விட்டு இறங்கி ஓடினா ஒளிஞ்சுக்கற இடமும் அதுதான். மரம் வளர வளர மேல்கிளை வெயிலை மறைக்கும், கீழ்க்கிளை காஞ்சு உதிரும், அடியில புல்லும் செடியும் குறைஞ்சு போகும். அப்ப கூடு நாலு பக்கமும் திறந்து கிடக்கற மாதிரி ஆயிடும், குருவி வேற இடம் பாத்துக்கிட்டு போயிடும். மரம் நல்லா ஆரோக்கியமா நிக்குது, காடு காடா இருக்கு, ஆனா இந்தக் குருவிக்கு அது செத்த இடம். மண்ணு கூட விஷயம்தான், அந்தப் பக்கத்து மணல் மண்ணு தண்ணியை உடனே உறிஞ்சிடும், அதனால மழை பெஞ்சாலும் தரையில இருக்கற கூடு மூழ்காது.

சரி, அப்படின்னா காலாகாலமா இளம் ஜாக் பைன் எப்படி கிடைச்சுக்கிட்டு இருந்துச்சு? தீயால. ஜாக் பைனோட கூம்பு பல வருஷம் பிசின் ஒட்டி இறுகி மூடியே இருக்கும், காட்டுத்தீ வந்து அந்த சூட்டுல பிசின் உருகினாதான் திறந்து விதை கொட்டும். தீ பழைய மரத்தை கொல்லும், அதே தீ புதுக்காட்டை விதைக்கும். எங்கயாவது ஒரு இடம் எரிஞ்சுக்கிட்டே இருந்ததால, எங்கயாவது ஒரு இடத்துல சரியான வயசு மரம் இருந்துக்கிட்டே இருந்துச்சு. 20ஆம் நூற்றாண்டுல ஊரும் வீடும் வந்துச்சு, தீயணைப்பு வந்துச்சு, தீயை உடனே அடக்கினாங்க. அதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது, ஆனா இளங்காடு பிறக்கறது நின்னு போச்சு.

இந்தப் பறவையை எண்ணற விதம் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். ஜூன் மாசம் விடியக்காலையில ஆளுங்க அந்த முள்ளு மாதிரி அடர்ந்த இளம் பைனுக்கு நடுவுல கோடு பிடிச்ச மாதிரி நடப்பாங்க, கொஞ்சம் தூரம் போய் நிப்பாங்க, காது குடுத்து கேப்பாங்க. ஆண் குருவி ஒரு மரத்து உச்சியில உக்காந்து தலையை பின்னால சாய்ச்சு கணீர்னு பாடும், உருவத்துக்கு சம்பந்தமே இல்லாத சத்தம், கால் கிலோமீட்டர் தாண்டியும் கேக்கும். பெட்டை பாடாது, அடியில மறைஞ்சு கிடக்கும், அதனால பாடற ஆணை எண்ணி, ஒரு ஆணுக்கு ஒரு ஜோடின்னு கணக்கு வச்சுக்குவாங்க. 1951ல முதல் தடவை முழுசா எண்ணினப்ப 432 ஆண். 1961ல 502. பத்து வருஷம் கழிச்சு 1971ல எண்ணிப் பாத்தா 201. பாதிக்கு மேல காணோம்.

இளங்காடு குறைஞ்சது ஒரு காரணம், அதோட இன்னொரு காரணமும் சேர்ந்துக்கிச்சு. நம்ம ஊர்ல குயில் காக்கா கூட்டுல முட்டை போடறது எல்லாருக்கும் தெரியும். அமெரிக்காவுல அந்த வேலையை கவ்பேர்ட்னு ஒரு பறவை செய்யும். அது நடுப்பகுதி புல்வெளியில காட்டெருமை மந்தை பின்னாடி பூச்சி பொறுக்கிக்கிட்டு திரிஞ்ச பறவை, மிச்சிகன் காடுங்களை வெட்டி பண்ணை ஆக்கினதும் அங்கயும் பரவிடுச்சு. காக்காவுக்கும் குயிலுக்கும் ரொம்ப காலத்து பழக்கம், இந்தக் கதிர்க்குருவிக்கு கவ்பேர்ட் புதுசு, அதை எதிர்க்க எந்த வழியும் அதுக்கு தெரியாது. கவ்பேர்ட் முட்டை சீக்கிரம் பொரியும், குஞ்சு பெருசா இருக்கும், கொண்டு வர்ற பூச்சியை எல்லாம் அதுவே வாங்கித் தின்னுடும், 14 கிராம் தாய் தன்னைவிட பெரிய குஞ்சுக்கு ஊட்டிக்கிட்டு இருக்கும், சொந்தக் குஞ்சு பக்கத்துலயே பட்டினியில செத்துப் போகும். 1960கள் கடைசியில பாத்தப்ப பத்துல ஏழு கூட்டுல இந்த முட்டை இருந்துச்சு. ஒரு ஜோடி ஒரு வருஷம் முழுக்க பாடுபட்டு சராசரியா ஒரு குஞ்சைக் கூட பறக்க விட முடியல.

நான் ஆரம்பத்துல சொன்னது இங்கதான் வருது. அந்தக் காலத்துல ஒருத்தர் அந்தக் காட்டுக்குள்ள போயிருந்தா குருவி பாடறதை கேட்டிருப்பார், கூடு கூட பாத்திருப்பார், எல்லாம் நல்லா இருக்குன்னு திரும்பி வந்திருப்பார். பறவை இருக்கு, கூடு இருக்கு, முட்டை இருக்கு, ஆனா அடுத்த தலைமுறை இல்ல. இந்த மாதிரி, வா வான்னு கூப்பிட்டு இழுத்துட்டு குஞ்சை மட்டும் பிழைக்க விடாத இடத்தை சூழல் ஆளுங்க பொறின்னே சொல்வாங்க. நட்ட காடுகளைப் பத்தி இருக்கற பெரிய பயமே இதுதான், ஏன்னா சின்னச்சின்ன துண்டா, நாலு பக்கமும் வயலும் ரோடும் இருக்கற தோப்புல ஓரம்தான் அதிகம், காக்கா, பூனை, கீரி, கவ்பேர்ட் மாதிரி ஆளுங்க ஓரம் வழியாத்தான் உள்ள வரும்.

1972ல கவ்பேர்டைப் பிடிக்க ஆரம்பிச்சாங்க. கம்பி வலையில பெரிய கூண்டு, உள்ள தானியம், தண்ணி, கூடவே சில உயிருள்ள கவ்பேர்டு, அதுங்க சத்தம் கேட்டு மத்தது உள்ள இறங்கும், திரும்ப வெளிய வரத் தெரியாது. பிடிச்சதைக் கொன்னாங்க, வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல. இதைப் படிக்கும்போது மனசு ஒரு மாதிரி ஆகும், எனக்கும் ஆச்சு, ஆனா உலகத்துல மொத்தமே சில நூறு ஜோடி மட்டும் இருந்த நிலைமையில வேற என்ன செஞ்சிருக்க முடியும்னு யோசிச்சா நான் அவங்க பக்கம்தான் நிப்பேன். பலன் உடனே தெரிஞ்சது, கவ்பேர்ட் முட்டை இருக்கற கூடு அரிதாச்சு, ஒரு ஜோடி வருஷத்துக்கு ஏறக்குறைய மூணு குஞ்சை பறக்க விட்டுச்சு.

அப்ப எண்ணிக்கை விறுவிறுன்னு ஏறியிருக்கணும் இல்லையா? ஏறல. 1974ல 167 ஆண். பதிமூணு வருஷம் கழிச்சு 1987லயும் அதே 167. கீழ போறது நின்னுச்சு, மேல போகல. பிறந்த குஞ்சுங்க வளர்ந்து பெருசாகி திரும்பி வந்தா கூடு கட்ட சரியான வயசு மரம் இல்ல, இருக்கற கொஞ்ச இடம் ஏற்கெனவே நிரம்பி இருந்துச்சு.

நடுவுல 1980 மே 5ஆம் தேதி ஒரு துயரம் நடந்துச்சு. மயோங்கற ஊருக்குப் பக்கத்துல, இந்தக் குருவிக்கு இடம் உண்டாக்கத்தான் வனத்துறை ஆளுங்க திட்டம் போட்டு ஒரு சின்ன இடத்துல தீ வச்சாங்க. காத்து மாறி தீ கை மீறிப் போச்சு, மேக் லேக் தீன்னு அதுக்கு பேரு. சுமார் 24,000 ஏக்கர் எரிஞ்சுச்சு, 44 வீடு போச்சு, வனத்துறை ஊழியர் ஒருத்தர் உயிரும் போச்சு. அந்த இழப்பை எந்தக் கணக்கிலயும் ஈடுகட்ட முடியாது. ஆனா எரிஞ்ச இடத்துல ஜாக் பைன் தானா முளைச்சுச்சு, பத்து வருஷம் நெருங்கும்போது அது குருவிக்கு ஏத்த உயரத்துக்கு வந்துச்சு, 1990க்கு அப்புறம் எண்ணிக்கை படபடன்னு ஏறி 1994ல 633, 1995ல 765ன்னு போச்சு. கூட்டை காப்பாத்தறதும் வேணும், கூடு கட்ட இடமும் வேணும், ரெண்டுல ஒண்ணு மட்டும் இருந்தா போதாதுன்னு இவ்வளவு தெளிவா காட்டின பறவை வேற எதுவும் எனக்கு ஞாபகம் வரல.

ஆனா தீயை நம்பி இருக்க முடியாது, சுத்தி ஜனங்க வாழற இடம். அதனாலதான் நடற வேலை. 1980கள்ல இருந்து மாநில இயற்கை வளத் துறையும் மத்திய வனத்துறையும் மத்திய வனவிலங்குத் துறையும் சேர்ந்து பெரிய அளவுல இதை செஞ்சுக்கிட்டு வர்றாங்க. முறை இப்படி: ஐம்பது வயசு பக்கம் ஆன ஜாக் பைன் இடத்தை மொத்தமா வெட்டுவாங்க, மரம் காகிதக்கூழுக்கும் பலகைக்கும் போகும், அப்புறம் தரையில கலப்பை மாதிரி ஒண்ணால சால் ஓட்டி, நாத்தங்கால்ல ரெண்டு வருஷம் வளர்ந்த கன்னை அந்த சால்ல வரிசையா நடுவாங்க. சாதாரண மரத்தோட்டத்துல வைக்கறதைவிட நெருக்கமா, ஏக்கருக்கு ஆயிரத்துக்கு மேல. ஏன் நெருக்கம்னா தீக்கு அப்புறம் தானா முளைக்கற காடு அப்படித்தான் அடர்த்தியா இருக்கும். ஆனா நேர்கோடா நடாம, வரிசையை அலை அலையா வளைச்சு, எதிரெதிர் அலைங்க விலகற இடத்துல சின்னச்சின்ன திறந்த வெளி வர்ற மாதிரி விடுவாங்க, மொத்தத்துல கால்வாசி இடம் மரமே இல்லாம புல்லும் புளூபெர்ரியுமா கிடக்கும். மேல இருந்து எடுத்த படத்துல பாத்தா தரையில யாரோ கோலம் போட்ட மாதிரி இருக்கும். அடர்த்தி ஒளிஞ்சுக்க, வெளி இரை தேட. மரவியாபாரி கண்ணுக்கு அந்தக் காலி இடம் வீண், குருவிக்கு அது இல்லாம முடியாது. நட்ட காட்டுல பறவைக்காக யோசிக்கறதுன்னா இந்த மாதிரிதான், மகசூல்ல கொஞ்சத்தை விட்டுக்குடுக்கற இடத்துலதான் அது ஆரம்பிக்குது.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு பாத்தி குருவிக்கு பயன்படற காலம் பத்துப் பதினஞ்சு வருஷம்தான். எந்த நேரத்துலயும் சுமார் 38,000 ஏக்கர் சரியான வயசுல இருக்கணும்னா, வருஷா வருஷம் ஏறக்குறைய 4,000 ஏக்கர் புதுசா நட்டுக்கிட்டே இருக்கணும். ஒரு வருஷம் பணம் இல்லன்னு நிறுத்தினா அந்த வருஷம் எதுவும் தெரியாது. ஏழெட்டு வருஷம் கழிச்சு, அந்தக் கன்னு இருந்திருக்க வேண்டிய இடத்துல குருவி இல்லாம போகும்போதுதான் தெரியும். அதுக்குள்ள முடிவு எடுத்த அதிகாரி மாறியிருப்பார்.

பாடற ஆணோட எண்ணிக்கை 2001 வாக்குல ஆயிரத்தை தாண்டிடுச்சு, 2015ல 2,300 தாண்டிச்சு. 1967ல அமெரிக்கா போட்ட முதல் அழிவாபத்து பட்டியல்லயே இருந்த பறவை, 2019ல அந்தப் பட்டியல்ல இருந்து எடுக்கப்பட்டுச்சு. அதுக்கு சில வருஷம் முன்னாடியே கவ்பேர்ட் பிடிக்கறதையும் படிப்படியா நிறுத்திப் பாத்தாங்க, அந்தப் பக்கம் கவ்பேர்டே குறைஞ்சு போயிருந்ததால கூடுகளுக்கு பெரிசா பாதிப்பு வரல, அது நல்ல செய்தி. இப்ப கூடு கட்டற ஜோடிகள்ல பெரும்பகுதி நட்ட மரங்களுக்கு அடியிலதான் கட்டுதுங்க. பக்கத்து விஸ்கான்சின் மாநிலத்துல 2007ல முதல் கூடு கிடைச்சுச்சு, அது கிடைச்சது ரெட் பைன் பிளான்டேஷன்ல, நட்ட ரெட் பைன் கன்னு நிறைய செத்துப்போய் அந்த இடைவெளியில ஜாக் பைன் தானா முளைச்சு வந்த இடம். அதாவது மரத்தோட்டக் கணக்குல சரியா வராத பாத்தி. எனக்கு இது ரொம்ப சந்தோஷமான தகவல், ஏன்னா கொஞ்சம் ஒழுங்கு குலைஞ்ச தோட்டம் பறவைக்கு தோதா இருக்குன்னு அது சொல்லுது.

ஆனா இதை முழு வெற்றியா எடுத்துக்கவும் கூடாது. நட்ட ஜாக் பைன் இந்தக் குருவிக்கு போதுமே தவிர, எரிஞ்ச காட்டுல இருந்த எல்லாருக்கும் போதாது. தீ வந்து போன இடத்துல கருகின மரம் விழாம நிக்கும், அதுல வண்டு புழு குடையும், அந்தப் புழுவை தின்னவே வர்ற கறுப்பு முதுகு மரங்கொத்தி ஒண்ணு இருக்கு, அது எரிஞ்ச காட்டைத் தேடிப் போற பறவை. வெட்டி சுத்தம் பண்ணி நட்ட இடத்துல அதுக்கு என்ன இருக்கு? இப்ப சில பட்ட மரத்தை விட்டு வைக்கறாங்க, இருந்தாலும் எரிஞ்ச காட்டுல நிக்கற அளவுக்கு வராது. ஒரு பறவைக்காக வடிவமைச்ச காடு அந்த ஒரு பறவையோட தேவையைத்தான் நல்லா நிறைவேத்தும், மத்ததுங்களுக்கு கிடைச்சா கிடைச்சது.

இன்னொண்ணு, இது வலசை போற பறவை. மே மாசம் வந்து கூடு கட்டிட்டு, குளிர்காலத்துக்கு பஹாமாஸ் தீவுகளுக்கு போயிடும். அங்க அது தின்கற பழங்கள்ல ஒண்ணு லாண்டனா இனத்து செடி. நம்ம காடுகளை நாசம் பண்ற உண்ணிச்செடியோட சொந்தக்கார செடி, ஆனா அங்க அது அந்த மண்ணோட செடி. பஹாமாஸ்ல மழை குறைஞ்சா பழம் குறையும், குருவி இளைச்சுப் போய் தாமதமா கிளம்பும், தாமதமா வந்தா கூடு தாமதம், குஞ்சும் குறையும். மிச்சிகன்ல எவ்வளவு கச்சிதமா நட்டாலும் இந்தப் பக்கத்தை கன்னு வச்சு சரி பண்ண முடியாது.

அதோட, இந்தப் பறவை பட்டியல்ல இருந்து வெளிய வந்துடுச்சே தவிர தன் கால்ல நிக்கல. மனுஷன் நடறதை நிறுத்தினா இருபது வருஷத்துக்குள்ள பழைய நிலைமைக்கு போயிடும். இந்த வகை பறவைகளை ஆராய்ச்சி ஆளுங்க தொடர் பராமரிப்பு தேவைப்படற இனம்னு தனியா சொல்றாங்க. 2021ல 2,245 ஜோடின்னு எண்ணினாங்க, 2025 கணக்கெடுப்புல சுமார் 1,500க்கு இறங்கிடுச்சு, சரியான வயசு இளங்காடு போதாம போனதுதான் முக்கியக் காரணம்னு பேசறாங்க. ஜாக் பைன் மரத்துக்கு சந்தையில பெரிய விலை இல்ல, வெட்டி வித்து வர்ற காசுல நடற செலவை ஈடுகட்டறது கஷ்டம். பட்டியல்ல இருக்கும்போது வந்த கவனம் வெளிய வந்ததும் குறையும்ங்கற பயம் அப்பவே இருந்துச்சு.

இதையெல்லாம் படிச்சுட்டு "பாத்தீங்களா, மரத்தோட்டமும் காடுதான்"னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். மிச்சிகன்ல இது நடந்ததுக்கு அடிப்படை, ஜாக் பைன் அந்த மணலோட சொந்த மரம், எங்க எப்பவும் இருந்துச்சோ அங்கயேதான் திரும்ப நட்டாங்க. நீலகிரியில நடந்தது இதுக்கு நேர் தலைகீழ். அங்க சோலைக்கு நடுவுல பரந்து கிடந்த புல்வெளியை வெறும் இடம்னு நினைச்சு வாட்டில், தைலமரம், பைன் எல்லாம் வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்து நட்டாங்க. அந்தப் புல்லுல தரையில கூடு கட்டற நீலகிரி நெட்டைக்காலிக்கு ஒவ்வொரு மரமும் வீட்டை இடிச்ச மாதிரிதான். மரம் நட்டதாலயே அதுக்கு இடம் சுருங்கிச்சு. எத்தனை லட்சம் கன்னு வச்சோம்னு நோட்டீஸ் அடிக்கறதுக்கு முன்னாடி, அங்க ஏற்கெனவே யார் குஞ்சு பொரிச்சுக்கிட்டு இருந்தாங்கன்னு ஒரு தடவை பாக்கணும்னு நான் சொல்றது இதனாலதான்.

உங்க ஊர் பக்கம் ஒரு தோப்போ பிளான்டேஷனோ இருந்தா நீங்களே இதை கவனிக்க ஆரம்பிக்கலாம், பெரிய படிப்பு எதுவும் வேணாம். பறவை பாடறது நல்ல அறிகுறிதான், ஆனா அது ஆரம்பம் மட்டும். வாயில நாரும் புல்லும் கவ்விக்கிட்டு திரும்பத் திரும்ப ஒரே பக்கம் போகுதா, அப்புறம் சில வாரம் கழிச்சு அலகுல புழுவை வச்சுக்கிட்டு தின்னாம பறக்குதா, குஞ்சோட எச்சத்தை வெள்ளைப் பை மாதிரி கவ்விக்கிட்டு வெளிய போடப் போகுதா, வால் சரியா வளராத குஞ்சு ஒண்ணு றெக்கையை படபடன்னு அடிச்சு ஊட்டச் சொல்லுதா, இதுல ஏதாவது ஒண்ணை பாத்தீங்கன்னா அதுதான் உண்மையான பதிவு. பாத்த பறவையைப் பதிவு பண்ற ஈபேர்ட் ஆப்ல பறவை பேரோட இந்த இனப்பெருக்க அடையாளத்தையும் சேர்த்து போட வசதி இருக்கு, பலர் அதை தொடறதே இல்ல, தயவுசெஞ்சு போடுங்க. வெறும் பேரும் எண்ணிக்கையும் மட்டும் இருந்தா அந்தத் தோப்புல பறவை வளருதா இல்ல வந்து ஏமாந்துட்டு போகுதான்னு பின்னாடி படிக்கறவங்களுக்கு தெரியாது.

கூட்டை தேடி மட்டும் போகாதீங்க. மனுஷன் நடந்த தடத்தையும் விலக்கின புல்லையும் பாத்து காக்காயும் பூனையும் கூட்டைக் கண்டுபிடிச்சிடும். பறவை உங்களைப் பாத்து விடாம கத்திக்கிட்டே இருந்தாலோ, அடிபட்ட மாதிரி தரையில தத்தித்தத்தி உங்களை வேற பக்கம் இழுத்தாலோ, கூடோ குஞ்சோ பக்கத்துலயே இருக்குன்னு அர்த்தம், வந்த வழியிலயே மெல்ல திரும்பிடுங்க, நல்லா தள்ளி நின்னு பைனாகுலர்ல பாத்தாலே வேணுங்கறது எல்லாம் தெரியும்.